கிறிஸ்துமஸ் விடுமுறையும் பிள்ளைகளின் பல்லும்

வருஷா வருஷம் டிசம்பர் மாதக் கடைசியில் அரைப் பரீட்சை முடிந்ததும் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விடப்படுகிறது. அந்த விடுமுறைக்குள்ளேயே கிறிஸ்துமஸ் வருகிறது. அது முடிந்த ஏழாம் நாள் ஆங்கிலப் புத்தாண்டு வருகிறது. அதற்கு இரண்டு வாரம் கழித்துப் பொங்கல் வருகிறது. ஆகவே ஏறக்குறைய மூன்று வார காலத்திற்குப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அடுப்பங்கரையிலும் அலமாரியிலும் ஏதாவதொரு இனிப்பு இருந்துகொண்டே இருக்கிறது. பிளம் கேக் என்ன, கலகலா என்ன, அச்சு முறுக்கு என்ன, முந்திரிக்கொத்து என்ன, இவை போதாவென்று கடையில் வாங்கிய சாக்லேட்டும் கலரும் வேறு! இவ்வளவும் பிள்ளைகளிடத்தில் உள்ள அன்பின் காரணமாகவே செய்யப்படுவதாய் எல்லோரும் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். அந்த அன்பைப் பற்றித்தான் நாம் இவ்வாரம் சில வார்த்தைகள் எழுத வேண்டியதாயிருக்கிறது.

“இதென்ன, பத்திரிகை அடுப்பங்கரைக்குள் நுழைந்துவிட்டதே” என்று சிலர் சிரிக்கக் கூடும். சிரிக்கட்டும். ஒரு காரியத்தை ஏன் செய்கிறோம் என்று யோசியாமல், நேற்றுச் செய்தார்கள் ஆகையால் இன்றும் செய்கிறோம் என்று செய்யப்படுவது எதுவானாலும், அது கோவிலில் நடந்தாலும் சரி, அடுப்பங்கரையில் நடந்தாலும் சரி, அதைக் கேள்வி கேட்க வேண்டியது பகுத்தறிவுக்காரனுடைய வேலையேயாகும்.

“எங்கள் வீட்டில் பண்டிகையே கிடையாது, ஆதலால் இது எங்களுக்குச் சம்பந்தமில்லை” என்று சொல்லும் தோழர்களையும் நாம் அறிவோம். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், தீபாவளிக்கு மேல் வீட்டிலிருந்து வந்த லட்டும், ரம்ஜானுக்குப் பின் வீட்டிலிருந்து வந்த அல்வாவும், கிறிஸ்துமஸுக்கு எதிர் வீட்டிலிருந்து வந்த கேக்கும் யாதொரு மத பேதமுமில்லாமல் பிள்ளைகள் வயிற்றில் போய்ச் சேர்ந்து கொண்டிருப்பதைக் காணலாம். மதங்கள் ஒன்றோடொன்று சண்டையிட்டுக் கொண்டாலும் சர்க்கரை யாரோடும் சண்டையிடுவதில்லை. உண்மையைச் சொல்லப்போனால், பண்டிகை கொண்டாடாத வீட்டுப் பிள்ளைக்குத்தான் எல்லாப் பண்டிகைப் பலகாரமும் கிடைக்கிறது.

இதனால் எதிர் வீட்டுக்காரர் அன்போடு கொண்டு வந்த தட்டைத் திருப்பி அனுப்ப வேண்டுமென்று நாம் சொல்வதாக யாரும் அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். மனிதனுக்கு மனிதன் கொடுத்து வாங்கிச் சாப்பிடுவதைப் போல் நல்ல காரியம் வேறில்லை. ஒரு துண்டு கேக் தின்றதனால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போய் விடாது. கெடுதி அந்த ஒரு துண்டில் இல்லை. காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, விளையாடி வந்தால் ஒன்று, அழுதால் ஒன்று, அழாமலிருந்ததற்கு ஒன்று என்று நாள் முழுதும் வாய் ஓயாமல் தின்ன விடுவதில்தான் கெடுதி இருக்கிறது. அது எப்படியென்பதைச் சற்று விளக்குவோம்.

நம் எல்லோருடைய வாயிலும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பல்லின்மேல் படிந்திருக்கின்றன. நாம் சர்க்கரை தின்றால் அவைகளும் தின்கின்றன. தின்றுவிட்டு அமிலத்தைக் கக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேலோட்டைச் சிறிது சிறிதாய்க் கரைக்கிறது. நம்முடைய உமிழ்நீர் அந்த அமிலத்தை முறித்துப் பல்லை மறுபடியும் சரிசெய்ய முயலுகிறது. இதற்குச் சுமார் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை பிடிக்கிறது. அதற்குள் பிள்ளை இன்னொரு மிட்டாயை வாயில் போட்டுக் கொண்டால் கரைவது மறுபடியும் தொடங்கிவிடுகிறது. ஆகவே ஐந்து மிட்டாயை ஒரே வேளையில் தின்ற பிள்ளையின் பல்லைவிட, அதே ஐந்து மிட்டாயை நாள் பூராவும் தின்ற பிள்ளையின் பல்லுக்கே அதிகக் கேடு வருகிறது. பள்ளிக்கூட நாட்களில் மணி அடிக்கும். தின்பதற்கென்று ஒரு நேரம் இருக்கும். விடுமுறையில் மணி அடிப்பாரில்லை.

இது வெறும் யூகமல்ல. சுவீடன் தேசத்தில் லுண்ட் என்னும் நகரத்தில் விப்பெஹோல்ம் என்ற ஆஸ்பத்திரியொன்று இருந்தது. மன வளர்ச்சி குன்றியவர்களை வைத்திருந்த இடம் அது. அங்கே 1945-ஆம் வருஷத்தில் அரசாங்க ஏற்பாட்டில் ஒரு பல் ஆராய்ச்சி தொடங்கப்பட்டது. பிறகு அங்கிருந்தவர்களில் ஒரு சாராருக்குச் சாப்பாட்டோடு மாத்திரம் சர்க்கரை கொடுத்தார்கள். மற்றொரு சாராருக்குச் சாப்பாட்டு வேளைகளுக்கு நடுநடுவே பல்லில் ஒட்டிக் கொள்ளும்படியான டாஃபி மிட்டாயைக் கொடுத்தார்கள். 1954-இல் வெளியான முடிவில், சாப்பாட்டோடு சர்க்கரை தின்றவர்களுக்குச் சொத்தை அவ்வளவாய் அதிகரிக்கவில்லை என்றும், நடுநடுவே ஒட்டும் மிட்டாய் தின்றவர்களுக்கு வெகுவாய்ப் பெருகிவிட்டது என்றும் கண்டார்கள்.

தங்களுக்கு என்ன செய்யப்படுகிறது என்று கேட்கவும், வேண்டாமென்று சொல்லவும் சக்தியற்ற மனிதர்களுடைய பல்லைப் பாழாக்கி அடைந்த அறிவு இது. அந்த ஆராய்ச்சிச் செலவில் ஒரு பங்கு மிட்டாய்த் தொழில்காரர்களிடமிருந்தும் வந்தது. அப்படிச் செய்தது அக்கிரமம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் இழந்த பல்லால் உலகத்துக்குக் கிடைத்த பாடத்தைக் காற்றில் பறக்க விடுவது அதற்கும் மேலான அக்கிரமமாகும். சுவீடன் ஜனங்கள் அதை விட்டுவிடவில்லை. மிட்டாய் தின்பதானால் வாரத்துக்கு ஒரு நாள் வேண்டியமட்டும் தின்று முடித்துவிடுங்கள் என்று வைத்திய இலாகாவார் சொன்னதை ஏற்று, “சனிக்கிழமை மிட்டாய்” என்றே ஒரு வழக்கத்தை உண்டாக்கிக் கொண்டார்கள். அங்கே பிள்ளைகளுக்கு இன்பம் குறைந்து போய்விடவில்லை. சனிக்கிழமையை எதிர்பார்த்திருக்கும் இன்பமும் சேர்ந்து கொண்டது.

நிற்க, “விழுந்து முளைக்கிற பல்தானே, போனால் போகிறது” என்று நம் ஊரில் சாதாரணமாய்ச் சொல்லுவார்கள். இதைப்போல் அறியாமை வேறில்லை. பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. அடியில் முளைக்கப்போகும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பவையும் அவைகளே. அவை அழுகினால் பிள்ளை மெல்ல முடியாது, தூங்க முடியாது, பாடத்தில் மனம் செல்லாது. இங்கிலாந்தில் சமீப வருஷங்களில் 5 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படும் காரணங்களில் முதலிடம் பெற்றிருப்பது காய்ச்சலல்ல, கை கால் முறிவல்ல, சொத்தைப் பல்தான்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு விடுமுறையில் நாம் ஒரு தோழர் வீட்டில் தங்க நேரிட்டது. தோழர் மூடநம்பிக்கையைக் கண்டித்து இரண்டு மணி நேரம் பேசக் கூடியவர். நடுநிசியில் அவருடைய ஆறு வயதுப் பெண் குழந்தை பல் வலியால் துடித்து அழுதது. குழந்தையின் அப்பத்தா ஓடிவந்து, அழுகையை நிறுத்துவதற்காக அதன் வாயில் ஒரு கருப்பட்டித் துண்டைப் போட்டார்கள். எந்தப் பொருளால் வலி வந்ததோ அதையே மருந்தாகக் கொடுத்தார்கள். யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. மறுநாள் வைத்தியர் இரண்டு பல்லைப் பிடுங்கினார். வீட்டுக்கு வந்த குழந்தை, பஞ்சை வாயில் கடித்துக் கொண்டே, “மிட்டாய் திங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்றாரே, அப்புறம் ஏன்ப்பா நீங்க வாங்கிக் குடுத்தீங்க?” என்று கேட்டது. மேடையில் எத்தனையோ கேள்விக்குப் பதில் சொன்ன தோழருக்கு இதற்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. நமக்கும் வரவில்லை. இதை எழுதுவதற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணமாகும்.

இனி எவ்வளவு சர்க்கரை தின்னலாம் என்பதைப் பார்ப்போம். இங்கிலாந்து சுகாதார இலாகாவாரின் கணக்குப்படி, உணவில் சேர்க்கும் சர்க்கரை 4 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 19 கிராமுக்கும், 7 முதல் 10 வயதுப் பிள்ளைக்கு 24 கிராமுக்கும், அதற்கு மேற்பட்டவர்களுக்கு 30 கிராமுக்கும் மிஞ்சக் கூடாது. தலை தட்டிய ஒரு தேக்கரண்டி சுமார் 4 கிராம். ஆகவே எட்டு வயதுப் பிள்ளைக்கு நாள் முழுதும் ஆறு தேக்கரண்டிதான். சாதாரணக் கோலா பானத்தில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கிறது. 250 மில்லி பாட்டில் ஒன்றைக் குடித்ததும் அன்றைய கணக்கு முடிந்துவிட்டது. அதற்கு மேல் காலைப் பாலில் போட்டதும், கேக்கும், சாக்லேட்டும் எல்லாம் கடன். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கோ சர்க்கரை சேர்த்த பண்டமே வேண்டியதில்லை.

இந்தக் கடனை அடைப்பது பல் மாத்திரமல்ல. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தாரின் ஆராய்ச்சியில், இந்நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடி பேர் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. நீரிழிவுக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் அளவுக்கு மிஞ்சிய சர்க்கரையால் உடல் பருப்பதும், சிறு வயதில் பழகிய நாக்கு பெரிய வயதிலும் அதையே கேட்பதும் அவைகளில் சேர்ந்தவையே. கிறிஸ்துமஸ் கேக்கை நமக்குக் காட்டிக் கொடுத்த சீமையிலேயே இதற்கொரு சாட்சி இருக்கிறது. யுத்தத்தின் காரணமாய் அங்கே 1940 முதல் சர்க்கரைக்கும், 1942 முதல் மிட்டாய்க்கும் ரேஷன் வைத்திருந்தார்கள். 1953-இல்தான் இரண்டும் எடுக்கப்பட்டன. எடுத்தவுடன் ஜனங்கள் தின்னும் சர்க்கரை ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 40 கிராமிலிருந்து ஏறக்குறைய 80 கிராமாய் ஏறிவிட்டது. தாய் வயிற்றிலும் முதல் இரண்டு வயதிலும் ரேஷன் காலத்தைக் கண்டவர்களையும் காணாதவர்களையும் ஒப்பிட்டு 2024-இல் வெளியான ஆராய்ச்சியில், ரேஷன் காலத்துக் குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் அபாயம் சுமார் 35 சதவிகிதமும், ரத்தக் கொதிப்பு வரும் அபாயம் சுமார் 20 சதவிகிதமும் குறைந்திருக்கக் கண்டார்கள். ரேஷன் காலத்தில் பிறந்த குழந்தைகள் இனிப்பே அறியாதவர்களல்ல, அளவோடு அறிந்தவர்கள்.

இதையெல்லாம் சொல்லும்போது, நல்ல காரியத்துக்கானாலும் பொய் சொல்லக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். “இனிப்பு தின்றால் வயிற்றில் பூச்சி வரும்” என்று பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார்கள். சர்க்கரையிலிருந்து பூச்சி பிறப்பதில்லை. மலம் கலந்த மண்ணிலுள்ள முட்டைகள் கை வழியாய் வாய்க்குள் போவதாலும், கொக்கிப் புழு வெறுங்காலின் தோலைத் துளைத்துக் கொண்டு நுழைவதாலும் பூச்சி வருகிறது. அதற்கு மருந்து கக்கூசும், சோப்பும், செருப்பும், பூச்சி மாத்திரையுமே தவிர மிட்டாயை மறைப்பதல்ல. ஆங்கிலம் படித்த பட்டணத்துப் பெற்றோரோ, “சர்க்கரை தின்றால் பிள்ளைகள் அடங்காமல் குதிக்கின்றன” என்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சர்க்கரை கொடுத்தும் கொடாமலும் நடத்திய பல பரிசோதனைகளை ஒன்று சேர்த்துப் பார்த்து 1995-இல் வெளியிட்டவர்கள், அப்படியொரு மாறுதலும் இல்லையென்று கண்டார்கள். 1994-இல் வெளியான ஒரு பரிசோதனையில், சர்க்கரையே இல்லாத பானத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, சர்க்கரை கொடுத்ததாகத் தாய்மாரிடம் சொன்னார்கள். அவர்கள் தங்கள் பிள்ளைகள் அதிகமாய்க் குதிப்பதாகச் சொன்னார்கள்! பேய் பிடித்ததென்று சொல்லிவிட்டால் பேயாட்டம் கண்ணுக்குத் தெரிவது போலத்தான் இதுவும். விடுமுறையில் பிள்ளை குதிப்பது விடுமுறையாய் இருப்பதனால்தான்.

இன்னொரு மூடநம்பிக்கையும் இப்போது பலமாய்ப் பரவி வருகிறது. வெள்ளைச் சர்க்கரைதான் விஷமென்றும், வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் தேனும் அமிர்தமென்றும் பேசுகிறார்கள். வெல்லத்தில் சிறிது இரும்புச் சத்தும் உப்புக்களும் இருப்பது மெய். ஆனால் அதில் பெரும்பாகம் சர்க்கரையே. பல்லிலுள்ள கிருமி பழுப்பு, வெள்ளை என்று வர்ண பேதம் பார்ப்பதில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தாரும் 2015-இல் வெளியிட்ட அறிக்கையில் தேனையும் பிழிந்த பழரசத்தையும் சர்க்கரைக் கணக்கிலேயே சேர்த்திருக்கிறார்கள். முழுப் பழத்தை மாத்திரம் சேர்க்கவில்லை. ஆகவே ஆரஞ்சைச் சுளையாய்க் கொடுப்பது வேறு, சாறாய்க் கொடுப்பது வேறு.

சர்க்காரும் சும்மா இருந்துவிடவில்லை. பாலில் கலக்கும் இனிப்பு மாவுகளை “ஆரோக்கிய பானம்” என்ற தலைப்பில் வைத்து விற்கக் கூடாதென்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக இலாகாவார் இணைய வியாபாரிகளுக்குத் தெரிவித்தார்கள். 2025 மே மாதத்தில் சி.பி.எஸ்.இ. போர்டார் தங்கள் பள்ளிக்கூடங்களில், எந்தத் தின்பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் பலகை வைக்கச் சொன்னார்கள். நல்லதுதான். ஆனால் விடுமுறை விட்டால் பள்ளிக்கூடமும் பூட்டப்படுகிறது, பலகையும் உள்ளே பூட்டப்படுகிறது. வீட்டில் பலகை வைப்பவர் யார்? நாம்தான்.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? முதலாவது, தின்னக் கூடாதென்று பிள்ளையைக் கட்டுப்படுத்துவதற்கு முன் வாங்கி வைப்பதைப் பெரியவர்கள் கட்டுப்படுத்த வேண்டும். அலமாரி நிறைய வாங்கி வைத்துவிட்டு அதைத் தொடாதே என்பது பிள்ளையைத் திருடனாக்கும் வழி. இரண்டாவது, கலரையும் புட்டிப் பழரசத்தையும் விட்டாலே பாதிக் காரியம் முடிந்தது. தாகத்துக்குத் தண்ணீரும் மோரும் இருக்கின்றன. மூன்றாவது, இனிப்பைச் சாப்பாட்டோடு ஒரே வேளையில் கொடுத்து முடித்துவிட வேண்டும். நடுவில் பசித்தால் சுண்டல், வேர்க்கடலை, அவித்த பனங்கிழங்கு, கொய்யா, வாழைப்பழம் கொடுக்கலாம். மார்கழி, தை மாதங்களில் இவைகளுக்குப் பஞ்சமில்லை. நான்காவது, இரவு படுக்குமுன் ஃப்ளோரைடு உள்ள பற்பசையால் பல் துலக்கச் செய்து, அதற்கு மேல் தண்ணீரைத் தவிர ஒன்றும் கொடுக்கக் கூடாது. ஐந்தாவது, விருந்தாளியாய்ப் போகும்போது மிட்டாய்ப் பெட்டிக்குப் பதிலாக ஒரு பந்தோ, வர்ணப் பென்சிலோ, கதைப் புத்தகமோ வாங்கிப் போகலாம்.

எல்லாவற்றிற்கும் மேலாக, இனிப்பைக் கூலியாகவும் லஞ்சமாகவும் கொடுப்பதை நிறுத்த வேண்டும். “சோறு தின்றால் சாக்லேட், சொன்னபடி கேட்டால் மிட்டாய்” என்று சொல்லும்போது, சோறு தண்டனை என்றும் மிட்டாய் மோட்சம் என்றும் நாமே பிள்ளைக்குக் கற்பிக்கிறோம். மோட்சத்தைக் காட்டி மனிதனை அடக்குவதைக் கண்டிக்கும் நாம், நம் வீட்டில் அதே வேலையை மிட்டாயைக் காட்டிச் செய்யலாமா? பிள்ளைகளுக்கும் அறிவுண்டு. ஏன் குறைக்க வேண்டுமென்று காரணம் சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளையும் கேட்கும். காரணம் சொல்லாமல் அதட்டினால் அறுபது வயதுக்காரனும் கேட்கமாட்டான்.

கடைசியாக ஆண்களுக்கு ஒரு வார்த்தை. கடைக்குப் போய்ப் பை நிறைய வாங்கி வந்து பிள்ளைகளிடம் நல்ல பேர் எடுத்துக் கொள்ளுகிறவர் தகப்பனார். வேண்டாமென்று சொல்லிக் கெட்ட பேர் எடுப்பவர் தாயார். பிறகு பல் சொத்தையானால் “நீ என்ன பிள்ளை வளர்க்கிறாய்” என்று வசவு வாங்குபவரும் அந்தத் தாயாரேதான். இது எந்த ஊர் நியாயம்? வேண்டாமென்று சொல்லும் வேலையில் பாதியை ஆண்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். தங்கள் காப்பியில் போடும் சர்க்கரையையும் அந்த மூன்று வாரத்துக்காவது குறைத்துக் கொள்ள வேண்டும். அப்பன் மூன்று கரண்டி போட்டுக் குடித்துக் கொண்டு மகனுக்குச் செய்யும் உபதேசம், புரோகிதன் செய்யும் உபதேசத்துக்குக் குறைந்ததல்ல.

ஆகவே இந்த விடுமுறையில் தோழர்கள் பிள்ளைகளை மகிழ்ச்சியாய் வைத்துக் கொள்ளட்டும். எதிர் வீட்டுக் கேக்கையும் வாங்கிப் பங்கிட்டுத் தின்னட்டும். ஆனால் ஒரு பண்டத்தைப் பிள்ளை கையில் கொடுக்குமுன், இது பிள்ளைக்காகக் கொடுக்கிறோமா, அல்லது நம்முடைய தொல்லை தீரவும் நம்முடைய பெருமைக்காகவும் கொடுக்கிறோமா என்று ஒரு நிமிஷம் யோசிக்கும்படி கேட்டுக் கொள்ளுகிறோம். அந்த ஒரு நிமிஷத்தை நாம் செலவிடாவிட்டால், பின்னொரு நாள் அந்த ஆறு வயதுக் குழந்தையின் கேள்வி நம் வீட்டிலும் கேட்கப்படும். அதற்கு நம்மிடம் பதில் இராது.